தோட்டத்து அணையில் படகு விடுவதைப் பற்றி

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



கடன் திருப்பம், மிளகு விற்பனை ரெண்டையும் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். மீதி இருப்பது அந்தத் தோட்டத்துக்காரர் கொடுத்திருக்கும் கோரிக்கை. அவர் தன் காப்பித் தோட்டத்தின் வழியாகப் போகும் ஓடையை மறித்து மண்கரை போட்டு ஒரு சின்ன அணை கட்டியிருக்கிறார். விடுதிக்கு வருகிற விருந்தாளிகள் குளிக்க, தூண்டில் போட, மிதிபடகு விட. டிக்கெட் கொடுப்பது, படகைப் பார்த்துக்கொள்வது, கேண்டீன், துப்புரவு எல்லாவற்றையும் நம் குழுக்கள் எடுத்து நடத்தினால் வருமானத்தில் பங்கு தருகிறேன் என்கிறார். ஒப்பந்தத் தாளும் அடித்துக் கொடுத்திருக்கிறார். நம்மில் பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்குப் பயம். ரெண்டுமே நியாயம்தான். மரவள்ளிக்கு விலை இல்லாத வருஷத்தில் மலையை விட்டு இறங்காமல் ஒரு வருமானம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதனால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

முதலில் தண்ணீரின் கணக்கைப் பார்ப்போம். நம் ஊக்குநர்கள் போய் அடி வைத்து அளந்தார்கள். நீளம் சுமார் 50 மீட்டர், அகலம் 20 மீட்டர், ஆழம் சராசரியாக 2 மீட்டர். பெருக்கினால் 2,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 லிட்டர், எடை 1 டன். ஆக 2,000 டன். 10 டன் ஏற்றிய லாரி நம் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவிலும் எப்படி முனகிக்கொண்டு ஏறும் என்று பார்த்திருக்கிறீர்கள். அப்படி 200 லாரி பாரம் ஒரு மண்கரையில் சாய்ந்து நிற்கிறது. கரைக்குக் கீழே, ஓடையோரமாக, நம் வயலும் வீடும். "சின்ன குட்டைதானே மேடம்" என்று அவர் சொல்வதைக் கேட்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

அரசாங்கத்துப் பெரிய அணைகளுக்கு 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கும் பொருந்தும். ரெண்டு ஆள் உயரத் தோட்டத்து அணை அந்தக் கணக்கிலேயே வராது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி தானாக வந்து கரையைப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நாம் மனுக் கொடுத்து வரவழைத்தால்தான் வருவார்கள்.

பொழுதுபோக்குக்காகத் தனியார் வைத்திருந்த அணை என்ன செய்யும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற கதை ஒன்று உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நடந்த ஒவ்வொன்றும் நம் தோட்டத்து அணையிலும் நடக்கக்கூடியது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஒரு தொழிலாளர் ஊர். இரும்பாலை ஊர். அதற்கு மேலே மலையில், 14 மைல் தள்ளி, சவுத் ஃபோர்க் அணை. மண்ணால் கட்டினது, 72 அடி உயரம். படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க அரசாங்கம் கட்டியது, பிறகு வேலை இல்லாமல் போகவே கைமாறிக் கைமாறி, 1879-இல் பணக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு கிளப்பிடம் வந்தது. மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் கோடையில் வந்து தங்கவும் ஒரு கிளப். ஆண்ட்ரூ கார்னகி போன்ற பெரும் கோடீசுவரர்கள் அதில் உறுப்பினர்கள்.

அந்த அணையின் அடியில் தண்ணீரைத் திறந்துவிட இரும்புக் குழாய்கள் இருந்தன. அதாவது நம் ஏரிகளில் மதகு என்கிறோமே, அது. கிளப்புக்கு முன்னால் வைத்திருந்தவர் அவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். கிளப்புக்காரர்கள் திரும்ப வைக்கவில்லை. கரையின் மேல் வண்டி போக வசதியாக இருக்கட்டும் என்று கரையின் உச்சியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். கலிங்கு வழியாக மீன் தப்பிப் போகாமல் இருக்க அங்கே கம்பி வலை அடித்தார்கள். காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் அல்லவா!

1889 மே 31. முந்தின நாளிலிருந்து விடாத மழை. ஏரி ஏறிக்கொண்டே வருகிறது. திறந்துவிட மதகு இல்லை. கலிங்கில் வலை, வலையில் குப்பை அடைத்துக்கொண்டது. கரை ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. தண்ணீர் கரைக்கு மேலே வழிந்தது, மண்ணை அரித்தது, பிற்பகலில் கரை உடைந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஊருக்குள். இறந்தவர்கள் 2,209 பேர். மேலே இருந்து தந்தி மூலம் எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். ஆனால் "அணை உடையப் போகிறது" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டுக் கேட்டு ஊருக்கு அது பழகிப் போயிருந்தது. அத்தனை பேர் செத்தும் கிளப்பிடமிருந்து ஒரு ரூபாய்கூட நஷ்டஈடாகக் கோர்ட்டில் வாங்க முடியவில்லை. (அங்கே நிவாரண வேலைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியவர் க்ளாரா பார்ட்டன். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை ஆரம்பித்த அம்மா. அப்போது அவருக்கு 67 வயது. நம்மில் சிலர் 50 வயதிலேயே கூட்டத்துக்கு வர முழங்கால் வலிக்கிறது என்கிறோம்.)

அது 72 அடி, இது பன்னிரண்டு அடி என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் அதே நாட்டில் 1977 நவம்பர் 6 அதிகாலை, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரி வளாகத்துக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 பேர் இறந்தார்கள். அது 40 அடி அளவிலான அணைதான். முதலில் மின்சாரத்துக்குப் பயன்பட்டு, கடைசியில் பொழுதுபோக்குக் குளமாகக் கிடந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மேல் தண்ணீர் வந்தது. அணையின் உயரத்தோடு, அதன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் ஆபத்தை எடை போட வேண்டும்.

இப்போது நம் அணைக்கு வருவோம். போய்ப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? கலிங்கு இருக்கிறதா, அது போதுமான அகலமா? மண்கரை பெரும்பாலும் உடைவது தண்ணீர் மேலே வழிவதால்தான். வடகிழக்குப் பருவமழையில் நம் ஓடைகள் ராத்திரியில் எப்படி வரும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தண்ணீர் அத்தனையும் கரையைத் தொடாமல் ஓரமாக வெளியேற வழி வேண்டும். தோட்டத்தில் இருப்பது ஒரு சிமெண்டு குழாய். அதன் வாயில் மீன் போகாமல் வலை கட்டியிருக்கிறார்கள். ஜான்ஸ்டவுன் கதையை நான் ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்து, கரையின் பின்பக்கம் கசிவு. தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கசிந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கலாக, மண் நிறத்தில் கசிந்தால் கரை உள்ளேயிருந்து அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே கீழே இருக்கிற வீடுகளுக்குச் சொல்ல வேண்டும், தண்ணீரை இறக்க வேண்டும். நண்டுப் பொந்து, எலிப் பொந்து, கரையில் வேர் விட்ட மரம், நீளவாக்கில் வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் கரை உள்வாங்கியிருப்பது, இதெல்லாம் ஒரு அம்மா கண்ணாலேயே பார்த்துச் சொல்லக்கூடியவை. ஆனால் கரை தாங்குமா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் பொறியாளர். அந்த எழுத்து இல்லாமல் அங்கே கேண்டீன் அடுப்புகூட மூட்டக் கூடாது என்பது என் கருத்து.

குளிப்பது பற்றி. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கத்தில் குச்சிப்பாளையம் என்ற ஊரில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே தேங்கியிருந்த தண்ணீரில் குளிக்கப் போன பெண்கள் 7 பேர் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் வளரிளம் பெண்கள். ஆழத்தில் சிக்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் போய்விட்டார்கள். அடுத்த வருஷம், 2023 பிப்ரவரி 15 அன்று, கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர். கால்பந்துப் போட்டிக்கு வந்த பிள்ளைகள். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

தடுப்பணைத் தண்ணீர் ஏன் இப்படி ஆளை விழுங்குகிறது? மேல்பக்கம் வண்டல் சேர்ந்து இடுப்பளவு போலத் தெரியும், ரெண்டு எட்டு வைத்தால் ஆழம் தலைக்கு மேலே போய்விடும். கல்லில் பாசி வழுக்கும். கீழ்ப்பக்கம் இன்னும் மோசம். அணைக்கு மேலே ஒரே சீராகத் தண்ணீர் வழிகிறபோது, விழுந்த இடத்தில் அது உருண்டு திரும்பி அணையை நோக்கியே இழுக்கும். பார்க்கக் குளுகுளுவென்று நுரையாக இருக்கும். அதில் மாட்டியவர் நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கப்படுவார். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பு சரியாக மிதக்கவும் செய்யாது. ஆடிப்பெருக்குக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் மலைக்கு வருகிற கூட்டம் ஆகாய கங்கை படி இறங்க முடியாமல், "பக்கத்தில் குளிக்க ஓடை எங்கே" என்றுதான் விசாரிக்கும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் தோட்டத்துக்காரரும் முதல் போட்டிருக்கிறார்.

படகு. வாசலூர்பட்டி படகு இல்லத்தைப் பார்த்துவிட்டு, "அங்கே நடக்கிறதே, இங்கே நடந்தால் என்ன" என்று ஒரு அக்கா கேட்டார். கேள்வி சரியானது. நடத்தலாம், ஆனால் எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தில் வதோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேர், ஆசிரியைகள் 2 பேர். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள், பலருக்கு மிதவை அங்கி இல்லை. இது ஆறு இல்லை, கடல் இல்லை, நகரத்துக்கு நடுவில் ஒப்பந்தத்துக்கு விட்ட பொழுதுபோக்கு ஏரி. போலீஸ் கைது செய்தது யாரை? ஒப்பந்தம் எடுத்து நடத்தியவர்களை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நமக்குக் கொடுத்திருக்கும் தாளில் நான்காவது பத்தியைப் படித்துக் காட்டச் சொன்னேன், காலையில் படித்தார்கள். "படகு மற்றும் நீர் விளையாட்டுகளின் முழுப் பொறுப்பும் நடத்துபவரையே சாரும்." நடத்துபவர் யார்? கூட்டமைப்பு. கையெழுத்து யாருடையது? தலைவி, செயலாளர், பொருளாளர். கரை அவருடையது, படகு அவருடையது, நிலம் அவருடையது. ஒரு பிள்ளை மூழ்கினால் போலீஸ் தேடி வருவது நம் செயலாளரின் வீட்டுக்கு. பங்கு எத்தனை சதவீதம் என்று ஒரு மணி நேரம் பேசினோம், இந்த வரியை யாரும் பேசவில்லை. படித்த வக்கீல் எழுதிய தாள் அது. நாமும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் விரலை வைக்கக் கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் இலவசமாகவே சட்ட உதவி கிடைக்கும்.

கீழ்மடைக்காரர்கள் கேட்பது வேறு கேள்வி. "அணையில் படகு ஓட வேண்டுமானால் தண்ணீர் நிறைந்தே இருக்க வேண்டும். கோடையில் எங்கள் நெல்லுக்கும் மாட்டுக்கும் என்ன வரும்?" என்கிறார்கள். மறுப்பதற்கு இல்லை. ஓடை அவர் நிலத்தின் வழியாகப் போகிறது என்பதால் ஓடை அவருடையது ஆகிவிடாது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இயற்கை ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் சீங்கண்ணிப்பாலியில் தனியார் பொழுதுபோக்கு இடத்துக்காக ஓடையில் கட்டிய தடுப்பணையை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்து, பல வருஷம் வழக்கு நடந்தது. நாளைக்கு இங்கேயும் அப்படி ஒரு உத்தரவு வந்தால் நாம் போட்ட முதல் யார் கொடுப்பார்கள்? அதனால் வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் இந்த அணைக்கு அனுமதி கொடுத்திருக்கின்றனவா என்று கேட்டு, நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. இல்லை என்றால் கிராம சபையில் எழுப்பலாம். இப்போது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டுமில்லாமல் மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினம், பொருத்தமான நாள்தான்.

என் கருத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். கேண்டீன் எடுக்கலாம். சாமைச் சோறும் தினைப் பாயசமும் நம்மைவிட நன்றாக யார் சமைப்பார்கள்? உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மிளகு, தேன், அன்னாசி விற்க ஒரு கடையும் கேட்கலாம். படகையும் குளியலையும் அவரே நடத்தட்டும், தாளில் அந்தப் பத்தியை அடித்துவிடட்டும். "படகில்தானே காசு" என்று முன்வரிசையில் சொல்வது கேட்கிறது. ஆமாம், காசு அதில்தான். ஆனால் ஆளுக்கொரு மிதவை அங்கி, ஆழம் எழுதிய கம்பம், குளிக்கிற இடத்தைச் சுற்றி மிதவை கட்டிய கயிறு, நீந்தத் தெரிந்த காவலர் ரெண்டு பேர், கயிறு கட்டிய மிதவை வளையம், விபத்துக் காப்பீடு, குடித்துவிட்டு வருகிறவனைத் திருப்பி அனுப்புகிற தைரியம், மழை மேகம் கண்டதும் டிக்கெட்டை நிறுத்துகிற தைரியம், இவ்வளவையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்தக் காசில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் கேண்டீன் மட்டும் கொடுக்க மறுத்தால் விட்டுவிடலாம். அணை அவருடையதாகவே இருந்தாலும் கீழே இருக்கிற உயிர் நம்முடையது, ஆகவே கலிங்கு வெட்டச் சொல்வதும் வலையை எடுக்கச் சொல்வதும் நாம் வேலையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செய்ய வேண்டியவை.

கடைசியாக, இது அணைக்கு மட்டுமில்லை, கிணற்றுக்கும் ஓடைக்கும் சேர்த்து. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பங்களாதேஷில் அம்மாக்கள் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளைக் கிராமத்திலேயே ஒரு பெண் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். மூழ்கிச் சாகும் குழந்தைகள் பெருமளவு குறைந்தார்கள். நம் அங்கன்வாடி நேரத்தை இந்தக் கண்ணோடும் பாருங்கள்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போல் கத்த மாட்டார். வாய் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போகும், கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. பார்த்ததும் குதிக்காதீர்கள். நீந்தத் தெரியாதவர் மட்டுமில்லை, சேலை கட்டியவர் யாருமே குதிக்கக் கூடாது. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மூடிய காலி கேன், பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் எறியுங்கள். குச்சியை நீட்டுங்கள். எதுவும் இல்லையென்றால் சேலையை அவிழ்த்து முடிச்சிட்டு வீசுங்கள். ரெண்டு சேலை சேர்ந்தால் 11 மீட்டர். வெட்கப்படுகிற நேரம் இல்லை அது. வீசும்போது நீங்கள் கரையில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒருத்தர் காலைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது வேண்டவே வேண்டாம். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தம், 2 மூச்சு, திரும்பவும் 30, 2. ஒருத்தர் செய்ய ஒருத்தர் 108-க்குப் பேசட்டும். செம்மேட்டிலிருந்து வண்டி வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது. தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், தண்ணீர் ஏறிய நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.

இதைச் சொல்லிக் கேட்டால் வராது, செய்து பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே திண்ணையில் துணி பொம்மை வைத்துச் செய்து காட்டுகிறேன், ஒவ்வொரு குழுவிலிருந்தும் ரெண்டு பேர் வந்து செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர் ஓடையில் எங்கெங்கே மறித்திருக்கிறார்கள், கலிங்கு இருக்கிறதா, கீழே எத்தனை வீடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வைத்துப் படம் போட்டு வந்தாலும் சரி. ஒப்பந்தத் தாளின் நகல் செயலாளரிடம் இருக்கிறது, யாரும் கையெழுத்துப் போடவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதிவிடுங்கள்.